கூடக்குறைய அரை

"அரையை அழிச்சுட்டு மூணுன்னு போட்டுட்டேன் மேடம்" என்றாள் எஸ்தர். உள்ளங்கையெல்லாம் சுண்ணத்தூள்.

பேராசிரியை ஹபீபா கரும்பலகையைப் பார்த்தார்.

கனமான துகள்கள் பத்து லட்சம் சிதைந்தால், நான்கு மட்டும் மேசான் என்னும் இரண்டு சிறு துகள்களாகப் பிரியும். எஸ்தரின் மூன்று வருஷக் கணக்கு சொன்னது அதுதான். பிழை வரம்பு, கூடக்குறைய அரை என்று காலைவரை இருந்தது.

"கணக்குல தப்பு கண்டுபிடிச்சியா?"

"இல்ல."

"பின்ன?"

"நாலு மணிக்குச் சோதனைக்காரங்க முடிவை அறிவிக்கிறாங்க. ஏழுன்னு கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"போன மாசம் எனக்குக் கல்யாணம்னுகூடத்தான் பேசிக்கிட்டாங்க."

எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. வேலைக்கு இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தாள். அது நாலு மணிக்குள் இணையத்தில் ஏறியாக வேண்டும். அதற்குப் பிறகு சொன்னால் யாரும் அதைக் கணிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

"சரி, மூணுன்னே இருக்கட்டும். ஏழு வந்தா?"

"பொருந்தும்."

"ஒண்ணு வந்தா?"

"அதுவும் பொருந்தும்."

"அப்புறம் எதுக்கு அவங்க எட்டு வருஷம் அளந்தாங்க?"

எஸ்தர் பலகையின் ஓரத்தைப் பார்த்தாள்.

பிழை எதனாலெல்லாம் வருகிறது என்று அங்கே எழுதி வைத்திருந்தாள். நிறை, கட்டமைப்பு, தோராயம். எல்லாம் சேர்ந்தே அரைதான்.

ஹபீபா அதன் கீழே ஒரு வரி எழுதினார்.

பயம்: மீதி முழுவதும்.

"இதையும் சேர்த்து அனுப்பு."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். தப்பாப் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"தெரியாது."

"உங்க பேரும்தான் அதுல இருக்கு. உங்களுக்குப் பயமே இல்லையா?"

ஹபீபா கையிலிருந்த சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினார்.

எஸ்தர் அதை வாங்கினாள். பிறகு துப்பட்டா நுனியால் கடைசி வரியைத் துடைத்தாள். மூன்றையும் துடைத்தாள். அரை என்று எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்தது.

கணினி முன் உட்கார்ந்து கட்டுரையிலும் திருத்தினாள். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்து, அனுப்பினாள்.

முடிவை அறிவிக்கும் கூடத்துக்குத் தாழ்வாரத்தில் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது.

ஹபீபா போகவில்லை. தன் கைபேசியை அணைத்து, இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.