சோத்தாங்கைக்குப் படிந்த ரைபிள்

"குழல் ஆடுதுங்க டீச்சர்," என்றார் திருமூர்த்தி.

தவமணி டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யார் கையில?"

"கையில இல்லீங்க, சட்டத்துல. குழல் போய் உக்கார்ற எடத்துல துளியூண்டு ஆட்டம். அதனாலதான் ஒரு குண்டு இங்க போகுது, ஒண்ணு அங்க போகுது."

டீச்சர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"யார் கையில?"

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகும் அதையே கேட்டால் மனிதர் என்ன செய்வார்? துணியில் சுற்றிய ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திருமூர்த்திக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கடைந்து தலை நரைத்தவர். இரும்பைத் தடவிப் பார்த்தே எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல் என்று சொல்லிவிடுவார். தான் செய்த சாமானில் குற்றம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மகள் தாரணிக்கு இடது கைப் பழக்கம். கல்லூரியில் படிக்கிறாள், ரைபிள் சுடுகிறாள். காற்றழுத்தத்தில் சுடுகிற போட்டி ரைபிள்தான். பயறு அளவு ஈயக் குண்டு, எதிரே ஒரு அட்டை.

பயிற்சிக்கூடத்தில் இருந்த ரைபிள்கள் எல்லாம் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. இடது கை ரைபிள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"லேத்து வெச்சிருக்கறவன் புள்ளைக்கு எதுக்குங்க வெளிநாட்டு ரைபிள்?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

ஒரு பழைய ரைபிளின் குழலை மட்டும் வாங்கினார். மற்றதெல்லாம் அவரே செய்தது. எல்லாவற்றையும் இடவலம் மாற்றினார். கைப்பிடி இடது பக்கம், கன்னம் வைக்கும் கட்டை மறுபக்கம், குண்டு போடும் பள்ளத்தின் வாய் இடது பக்கம். ஆசை ஆசையாகச் செய்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பட்டறையில், வைஸ் இடுக்கியில் மாட்டி வைத்து அவர் சுட்டபோது குண்டெல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

மகள் கைக்குப் போனதும் சண்டித்தனம் செய்தது.

குண்டு பள்ளத்தில் சாயும், குழல் வாயில் இடிக்கும். அழுத்தித் தள்ளினால் நசுங்கி உள்ளே போகும். நசுங்கிய குண்டு சொன்ன பேச்சைக் கேட்குமா?

"இடிக்குதுப்பா," என்பாள் தாரணி.

"கைய ஒழுங்கா வெச்சுப் போடு கண்ணு," என்பார் பின்னால் நின்றபடி.

அவள் தலையாட்டுவாள். மறுபடியும் இடிக்கும்.

குழலைக் கழற்றினார். உட்காரும் இடத்தில் பித்தளைத் தகடு சுற்றினார். சரியாகவில்லை. தகட்டை எடுத்துவிட்டுச் சட்டத்தையே புதிதாகக் கடைந்தார். இப்போது குழலைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். பட்டறையில் மறுபடியும் அற்புதம், கூடத்தில் மறுபடியும் இடி.

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

திரும்பவும் டீச்சரிடம் போனார்.

சிங்காநல்லூரில் மூடிப்போன ஒரு மில்லின் கிடங்குதான் தவமணி டீச்சரின் பயிற்சிக்கூடம். ஒரு காலத்தில் மாநிலத்துக்காகச் சுட்டவர். திருமூர்த்தியைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். மகள் டீச்சர் என்று கூப்பிடுவதால் இவரும் டீச்சர் என்பார். டீச்சர் எல்லோரையும் போல இவரையும் அண்ணா என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"குழல் இப்ப மலையாட்டம் நிக்குதுங்க," என்றார் திருமூர்த்தி. "ஆனா குண்டு போக மாட்டேங்குது. பாருங்க." நசுங்கிய குண்டுகளை மேசையில் கொட்டினார்.

டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கமாக நசுங்கியிருந்தன.

"நீங்க போடுங்ணா. நான் சுடறேன்."

ரைபிளை மேசைமேல் ஒரு தாங்கியில் வைத்தார்கள். திருமூர்த்தி மேலிருந்து வலது கையை நீட்டிக் குண்டைப் பள்ளத்தில் வைத்து விரலால் தள்ளினார். சமர்த்தாக உள்ளே போனது. டீச்சர் சுட்டார். அட்டையின் நடுவில் ஓட்டை.

இன்னொன்று. அதே ஓட்டை.

இன்னும் ஒன்று. ஓட்டை கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான்.

திருமூர்த்திக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா? ரைபிள்ல ஒரு குத்தமும் இல்லீங்க."

"இல்லீங்ளா?"

"புள்ள கைலதானுங்க இருக்குது." சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. "அவளே சொல்லிட்டாளுங்க. சோத்தாங்கையில சுடப் பழகிக்கறேன், கூடத்து ரைபிளே போதும்னு. நாலு நாளா பழகுறா."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பழகிருவாளா?"

"சின்னதுல சோறு தின்னப் பழக்குனனே, பழகலீங்களா? தட்டு முன்னாடி பீச்சாங்கை வரக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு தட்டு தட்டுனேன். அப்புறம் அவளா கையத் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கிட்டா. இன்னிக்கும் அப்படித்தான் சாப்புடுவா. புள்ள சொன்னாக் கேட்டுக்கும்ங்க."

பெருமையாகத்தான் சொன்னார். நம் ஆட்கள் இதை எப்போதும் பெருமையாகத்தான் சொல்வார்கள்.

டீச்சர் எழுந்தார். "சாப்பாட்டு நேரமாச்சு. உக்காருங்ணா."

தூக்குப் போசியைத் திறந்தார். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

திருமூர்த்தி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். வலது கை தட்டுக்குப் போனது.

"அந்தக் கை வேண்டாம்," என்றார் டீச்சர். "இன்னொண்ணு."

"ஏனுங்க?"

"பீச்சாங்கையில சாப்புடுங்க."

விளையாட்டோ என்று முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"நல்லாருக்காதுங்க டீச்சர். சோத்துல எப்படிங்க அந்தக் கைய..."

"கழுவுன கைதானுங்ணா."

பெண்ணுக்குச் சொல்லித் தருகிறவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கூசிக் கூசி இடது கையைத் தட்டில் வைத்தார். அந்தக் கை அவருடையது மாதிரியே இல்லை. பிசையத் தெரியவில்லை, கூட்டத் தெரியவில்லை. அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தது. பாதி வாய்க்குப் போனது, மீதி சட்டையில் விழுந்தது.

அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் அட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருமூர்த்திக்குக் காது சூடானது. ஐம்பத்தைந்து வயதில் சோறு தின்னத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

இன்னொரு வாய் அள்ளினார். அதுவும் சிந்தியது.

"கைய ஒழுங்கா வெச்சுச் சாப்புடுங்ணா," என்றார் டீச்சர்.

திருமூர்த்தியின் கை அப்படியே நின்றது.

அந்தக் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தான் சொல்கிற அதே பதமான குரல். அதைக் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"ஒழுங்காத்தானுங்க வெக்கறேன்," என்றார் மெதுவாக.

டீச்சர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

திருமூர்த்தி எழுந்து கையைக் கழுவினார். ரைபிளுக்குப் போனார். இந்தத் தடவை மேலிருந்து கையை நீட்டவில்லை. ரைபிளைத் தூக்கி இடது தோளில், மகள் வைப்பது போல வைத்துப் பார்த்தார். இடது கையால் ஒரு குண்டை எடுத்துப் பள்ளத்தில் போட்டார்.

குண்டு சாய்ந்தது. இடித்தது.

எடுத்துவிட்டுப் பள்ளத்தை நகத்தால் வருடினார். வலது பக்க விளிம்பு வழுவழுவென்று இருந்தது. பட்டறையில் சுடும்போதெல்லாம் தன் விரல் உரசிய இடம். அங்கே உறுத்த உறுத்த அவரே அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கண்ணாடி போல ஆக்கியிருந்தார்.

இடது பக்க விளிம்பு, கடைந்த அன்று இருந்தபடியே கூராக நின்றது.

இடது கை ரைபிளைச் செய்து வலது கையால் படிய வைத்திருக்கிறார். குழலை எத்தனை தடவை பிரித்தார்? ஆடுகிறது என்று ஒரு தடவை, ஆடவில்லை என்று ஒரு தடவை. அந்தப் பிள்ளை இடிக்கிறது இடிக்கிறது என்றாள். எங்கே இடிக்கிறது என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை.

"டீச்சர்," என்று திரும்பினார்.

டீச்சர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைக் காக்கைக்குப் போடப் போய்விட்டார்.

பட்டறைக்குப் போனால் அந்த விளிம்பைத் தேய்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தவும் செய்தார். உள்ளே போய்ச் சின்ன அரத்தையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தாரணி பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை தோசையில் இருந்தது. இடது கை தொடைக்கு அடியில் இருந்தது.

எதிரே உட்கார்ந்து ரைபிளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரியாயிருச்சாப்பா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"விடுங்கப்பா. எதுக்கு மறுபடி மறுபடி பிரிக்கறீங்க? என் கைதான் சரியில்ல. நான் மாத்திக்கறேன்."

இப்படிச் சொல்லப் பழக்கியது யார் என்று திருமூர்த்திக்குத் தெரியும்.

"எங்க இடிக்குதுன்னு போட்டுக் காட்டு," என்றார். "அங்க ஒரு கோடு போடு. நீ சொல்ற எடத்துல தேய்க்கறேன்."

அவள் வலது கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

அவர் பையிலிருந்து எடுத்த குண்டைத் தரவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தாரணி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொடைக்கு அடியிலிருந்து இடது கையை மெல்ல எடுத்தாள். உள்ளங்கை முழுக்கப் பாயின் கோரைத் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

கை பாதி வழியில் நின்றது.

"தட்டு முன்னாடியேவாப்பா?"

"தட்டு முன்னாடியேதான் கண்ணு."