பதினான்காவது வரைபடம்

நிலவில் ஆறு பேர் தங்கப்போகும் குடிலுக்கு ஆய்வுக்கூடம் திட்டமிடும் பொறுப்பு தேனம்மையிடம் இருந்தது. அவரிடம் இடவமைப்புக் கற்க வந்த சத்தியசீலன் தாவரவியல் பேராசிரியர். தேனம்மையைவிடப் பதினேழு வயது மூத்தவர். ஆனாலும் அவரை ஆசிரியை என்றே அழைத்தார்.

மண்ணில்லாமல் வேர் வளர்வதைக் கண்ணாடி வழியே காணும் பெட்டி ஒன்றைச் சத்தியசீலன் ஒன்பது ஆண்டுகளாக உருவாக்கியிருந்தார். அதற்கு அந்தக் கூடத்தில் ஓர் இடம் வேண்டும். அவர் வரைந்த முதல் பதின்மூன்று வரைபடங்களிலும் ஏதோ ஒரு கருவி சுவரைத் தாண்டி நின்றது. பதினான்காவதில் எல்லாம் பொருந்தின. ஒரு விரல் இடமும் வீணாகவில்லை.

தேனம்மை அதைத் தச்சர் அருளப்பனிடம் கொடுத்தார். இரண்டே நாளில் அருளப்பன், ஒட்டுப்பலகையால் ஆன மாதிரிக் கூடத்தில், கருவிகளுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகளைப் படத்தில் உள்ளபடி பொருத்திவைத்தார்.

“குளிர்பெட்டியிலிருந்து ஒரு ரத்தக் குப்பியை எடுங்கள், ஐயா,” என்றார் தேனம்மை.

குளிர்பெட்டியின் அட்டைக் கதவு நான்கு விரல் திறந்து, வேர்ப்பெட்டியில் இடித்து நின்றது. சத்தியசீலனின் கை மணிக்கட்டோடு சிக்கிக்கொண்டது.

“குப்பி உள்ளயே இருக்கட்டும் சார். வெளியிலேர்ந்தே ஆராய்ச்சி பண்ணிக்கலாம்,” என்றார் அருளப்பன்.

தேனம்மை வரைபடத்தை விரித்தார். “எல்லாவற்றையும் மூடிய நிலையிலேயே வரைந்திருக்கிறீர்கள்.”

கதவை மறுபக்கம் மாற்றிப் பார்த்தார்கள். அது நீர்ச் சோதனைக் கருவியில் இடித்தது. அந்தக் கருவியை விலக்கினால் ஆறு பேர் எதை நம்பிக் குடிப்பது? ரத்தச் சோதனைக் கருவியை விலக்கினால் நோயை எப்படி அறிவது? ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த சத்தியசீலன் கடைசியாகத் தம் வேர்ப்பெட்டியின் முன் வந்து நின்றார்.

சுவரை ஒரு முழம் நீட்டித் தர மேலிடத்தில் கேட்க முடியாதா என்றார். மூன்று முறை கேட்டாயிற்று, ஏவூர்தியின் அளவு மாறாது என்று மூன்று முறையும் பதில் வந்தது என்றார் தேனம்மை. அடுத்த குடில் எப்போது என்றார் சத்தியசீலன். அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார் தேனம்மை.

“அப்படியானால் இந்த ஒன்பது ஆண்டுகள்?”

தேனம்மை அழிப்பானை அவர் பக்கம் நகர்த்தினார்.

சத்தியசீலன் படத்திலிருந்த வேர்ப்பெட்டியைத் தாமே அழித்தார். அழுத்தித் தேய்த்ததில் தாள் சற்றுக் கிழிந்தது.

“இங்கே என்ன எழுதுவது? காலி இடம் என்றா?”

“காலி என்று எழுதினால் நாளை வேறு யாராவது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கதவு திறக்கும் இடம் என்று எழுதுங்கள், ஐயா.”