ஒச்சப்பன் குரலில் வந்த பதில்

மேற்கு மலைக்குக் கீழே ஒரு காட்டில் சிங்கம் மரக்கிடங்கு நடத்தியது. மரம் தூக்க யானை. வண்டி இழுக்க எருமை. பொதி சுமக்கக் கழுதை. கயிறு கட்டக் குரங்கு. வேலை கடினம். தீனி உண்டு.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது, பிள்ளைகளே. அதைச் சொல்லாமல் கதை நகராது.

காலையில் கரடி மேஸ்திரி பேர் கூப்பிடும். பேரைக் கேட்டதும் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அன்றைக்குத் தீனி கிடையாது. காய்ச்சலா, கால் வீக்கமா, மேஸ்திரிக்குக் கவலை இல்லை. அதற்குக் கண்ணும் மங்கல். காதை நம்பித்தான் ஆள் கணக்கு எடுத்தது.

குரங்கு சுக்கனுக்கு எல்லோர் குரலும் வரும். இரக்க மனசு. யாராவது எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், மரத்தின் மேலிருந்து அவர்கள் குரலில் "உள்ளேன்" என்று சொல்லிவிடும். யானை போலப் பிளிறும். எருமை போல இழுத்துப் பேசும். கழுதைக் குரல் என்றால் கழுதையே ஏமாந்துபோகும்.

"சுக்கா, நீ இல்லேன்னா இந்த வாரம் நான் பட்டினிதான்டா" என்று கழுதை ஒச்சப்பன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது.

வருஷங்கள் போயின. பல் தேய்ந்தவர்களைச் சிங்கம் வேலையிலிருந்து அனுப்பிவைத்தது. கழுத்தில் ஒரு மாலை. ஒரு கட்டுக் கரும்பு. நீளமாக ஒரு பேச்சு. அவ்வளவுதான்.

பிறகு மரம் தீர்ந்தது. கிடங்கையே வடக்கே மாற்றிக்கொண்டு சிங்கம் போய்விட்டது. இங்கே மிஞ்சியது மரத்தூளும், மரம் அறுக்கத் தோண்டிய ஆழமான குழிகளும், நாலு கிழங்களும்: யானை அங்கமுத்து, எருமை சடச்சி, கழுதை ஒச்சப்பன், குரங்கு சுக்கன்.

நாலுக்கும் சொந்தக் கூட்டம் கிடையாது. குட்டியிலேயே கிடங்குக்கு வந்தவை. யானைக் கூட்டம் அங்கமுத்துவை மோந்து பார்த்தது. "மரத்தூள் வாடை அடிக்குது" என்று நகர்ந்துவிட்டது. காட்டெருமைகள் சடச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. காட்டில் செந்நாய்கள் திரிந்தன. தனியாக நிற்கும் கிழத்தைத்தான் செந்நாய் தேடும்.

"நமக்கு நாமதான்" என்றது அங்கமுத்து. கண்டிப்பான யானை. "ஒரே இடத்துல இருக்க முடியாது. எனக்கு மூங்கில் வேணும், சடச்சிக்குக் குட்டை வேணும், ஒச்சப்பனுக்கு ஓடைக்கு அக்கரைப் புல்லு வேணும். அதனால தினம் விடிஞ்சதும் நான் பேர் கூப்பிடுவேன். இருக்கிற இடத்துல இருந்தே குரல் குடுங்க. ஒருத்தர் குரல் வரலேன்னா மத்த மூணு பேரும் போய்ப் பார்க்கணும். மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி."

"ஓய்வு குடுத்த பிறகும் பேர் கூப்பிடறதா?" என்றது ஒச்சப்பன். வீம்பு பிடித்த கழுதை. "கரடி போய் யானை வந்த கதையா இருக்கே."

"இஷ்டம்னா இரு. இல்லேன்னா செந்நாய்கிட்டப் போய்ப் பேசிக்க."

ஒச்சப்பன் இருந்தது.

ஏற்பாடு பலித்தது. ஒரு காலை சடச்சி பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் கழுத்து வரை சேற்றில் கிடந்தது. அங்கமுத்து துதிக்கையால் இழுத்துக் கரையில் போட்டது.

"இன்னும்... கொஞ்ச நேரம்... போயிருந்தா... முடிஞ்சிருப்பேன்" என்று எருமை அழுதது. அதற்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அழுகையும் அப்படியே.

ஆனால் ஒச்சப்பன் இரண்டு தடவை தூங்கிப்போனது. இரண்டு தடவையும் மற்ற மூன்றும் ஓடையைக் கடந்து, முட்டி வலியோடு மேடேறிப் போய்ப் பார்த்தன. ஒச்சப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அங்கமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணாவது தடவை இப்படிக் கிடந்தேன்னா உன் பேரை எடுத்துடுவேன். அப்புறம் கூப்பிடவே மாட்டேன். எங்க முட்டி என்ன இரும்பா?"

"கூப்பிடாதீங்க. யாரு கெஞ்சினா?" என்றது ஒச்சப்பன்.

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அதன் உதடு நடுங்கியதைச் சுக்கன் மட்டும் பார்த்தது.

அடைமழைக் காலம் வந்தது. ஒரு சாயங்காலம் ஒச்சப்பன் பழைய கிடங்குப் பக்கம் போனது. அங்கே மரத்தூளில் புல் தளதளவென்று முளைத்திருந்தது. தனியாகப் போகாதே, குழி இருக்கிறது என்று சடச்சி முன்பே சொல்லியிருந்தது. "இருபது வருஷம் அந்தக் குழியைச் சுத்தி நடந்தவன் நான். எனக்கே வழி சொல்றியா அக்கா?" என்று ஒச்சப்பன் சிரித்திருந்தது.

குழியை மூடியிருந்த பலகை மழையில் உளுத்திருந்தது. ஒச்சப்பன் கால் வைத்தது. பலகை போய்விட்டது.

யானை நின்றால் மறையும் ஆழம். விழுந்ததில் பின்னங்கால் ஒடிந்தது. குழியில் குளம்பளவு தண்ணீர். மேலே மழை.

ஒச்சப்பன் கத்த வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

'இருட்டப் போகுது. இப்பக் கத்தினா செந்நாய்தான் வரும்' என்று நினைத்தது. 'விடியட்டும். அண்ணன் பேர் கூப்பிடுவார். அப்பவும் நான் வாயைத் திறக்கக் கூடாது. குரல் குடுத்தா, நல்லாத்தான் இருக்கான்னு போயிடுவாங்க. பேசாம இருந்தா மூணு பேரும் தேடி வருவாங்க. திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்.'

யோசனை சரியானதுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விடிந்தது. மூங்கில் காட்டிலிருந்து அங்கமுத்துவின் குரல் வந்தது.

"சடச்சி!"

"உள்... ளேன்."

"சுக்கன்!"

"உள்ளேண்ணே!"

"ஒச்சப்பன்!"

ஒச்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தது. வலியிலும் அதற்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஓடைக்கரை நாவல் மரத்தில் சுக்கன் காதைத் தீட்டியது. பதில் இல்லை. 'மறுபடியும் தூங்கிட்டான். மூணாவது தடவை. பேரு போயிடும். பேரு போனா அக்கரையில ஒத்தையாக் கிடந்து சாவான்.'

சுக்கனுக்கு மனசு கேட்கவில்லை. கழுத்தை நீட்டியது. கழுதைக் குரலில் கத்தியது.

"உள்ளேன்!"

குழிக்குள் ஒச்சப்பன் தன் குரலைத் தானே கேட்டது.

அதற்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கத்தியது.

"சுக்கா! அது நான் இல்லடா! நான் இங்கே கிடக்கேன்டா!"

பேர் கூப்பிட்டு முடிந்தால் அவரவர் தீனிக்குப் போய்விடுவது வழக்கம். அங்கமுத்து மூங்கிலை முறித்துக்கொண்டிருந்தது. சடச்சி காது வரை தண்ணீரில் இறங்கிவிட்டது. மழை விட்டதும் அக்கரைக்குப் போய் ஒச்சப்பனைத் திட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே சுக்கன் மரப்பொந்துக்குள் ஒடுங்கியது.

மழை விடவில்லை. ஓடை பெருகியது.

மறுநாள் காலை ஒச்சப்பன் வேறு முடிவுக்கு வந்திருந்தது. பேரைக் கேட்டதும் உயிரைக் கொடுத்துக் கத்துவது.

"ஒச்சப்பன்!"

சுக்கன் காத்திருக்கவே இல்லை. இடைவெளி விட்டால் சந்தேகம் வரும். கிடங்கில் படித்த பாடம். "உள்ளேன்!" என்று உடனே சொல்லிவிட்டது. அதன் பின்னாலேயே, ரொம்பத் தொலைவிலிருந்து, மெல்லிசாக இன்னொரு கழுதைக் குரல் வந்தது. மழையில் சொல் எதுவும் புரியவில்லை.

சுக்கனுக்கு நிம்மதி. 'அப்பாடா, இன்னிக்கு எழுந்துட்டான்.'

"என்ன, ரெண்டு தடவை கேக்குது?" என்றது அங்கமுத்து.

"மலை திருப்பிச் சொல்லுதுண்ணே."

"ரெண்டாவது குரல்..." என்று ஆரம்பித்தது சடச்சி. "வேற... மாதிரி... இருந்துச்சு. அழற... மாதிரி..."

"நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சிடும். பேர் கூப்பிட்டாச்சு. போய் வேலையைப் பாரு."

சடச்சி வாயை மூடிக்கொண்டது. அப்படி மூடியே பழகிய வாய்.

அன்று மத்தியானம் குழியின் விளிம்பில் இரண்டு செந்நாய்கள் வந்து நின்றன. ஒச்சப்பனுக்குத் தண்ணீர் வயிறு வரை ஏறியிருந்தது.

"இறங்கலாமா?" என்றது ஒன்று.

"இறங்கினா ஏற முடியாது. தண்ணி ஏறட்டும். தானா மிதந்து மேல வரும்" என்றது மற்றது.

"போங்கடா" என்றது ஒச்சப்பன். "என் ஆளுங்க வருவாங்க. யானை வரும். மிதிச்சா கூழாயிடுவீங்க."

"யானை எதுக்கு வரும்? காலையில உன் பேரைக் கூப்பிட்டுச்சு. நீதான் நல்லாயிருக்கேன்னு சொல்லிட்டியே. நாங்களும் கேட்டோம்."



செந்நாய்கள் முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டன. அவசரம் இல்லை.

மூன்றாம் நாள் காலை. "ஒச்சப்பன்!" என்றது யானை. "உள்ளேன்!" என்றது சுக்கன். பிறகு நேற்று வந்த மெல்லிசுக் குரலுக்காகக் காத்திருந்தது.

வரவில்லை.

சுக்கனுக்கு என்னவோ போல் இருந்தது. மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. கிளைக்குக் கிளை தாவி ஓடையைக் கடந்தது. புல்மேட்டில் ஒச்சப்பன் இல்லை. புல்லில் படுத்த தடமும் இல்லை. பழைய கிடங்குப் பக்கம் போனது. சுக்கனைக் கண்டதும் செந்நாய்கள் நாலடி நகர்ந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டன.

குழியில் ஒரு உடைந்த பலகை மிதந்தது. பலகை மேல் ஒச்சப்பனின் தாடை இருந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்குள்.

"ஒச்சப்பா!"

கண் திறந்தது.

"வந்துட்டியா?" என்றது ஒச்சப்பன். "இன்னிக்கும் நல்லாச் சொன்னேன்டா, உள்ளேன்னு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீ தூங்குறேன்னு நினைச்சேன்டா. உன் பேரை எடுத்துடுவாரேன்னு பயந்து..."

"தெரியும். அப்ப எத்தனை தடவை எனக்குச் சோறு போட்டுச்சு அந்தக் குரல். உம்மேல கோபம் இல்ல." மூச்சு வாங்கியது. "அண்ணனைக் கூப்பிடு. என் குரல்ல வேண்டாம். உன் குரல்ல கூப்பிடு."

சுக்கன் உச்சிக் கிளைக்கு ஏறிக் கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. அங்கமுத்து மூங்கிலைப் போட்டுவிட்டு நடந்தது. ஓட முடியாது, முட்டி அப்படி. சடச்சி பின்னால் வந்தது. ஓடையில் வெள்ளம் சுழித்துப் போயிற்று. யானை ஒவ்வொரு காலாக ஊன்றிக் கடந்தது. எருமை வால் மட்டும் தெரிய நீந்திக் கடந்தது.

அவை வந்து சேர்ந்தபோது செந்நாய்கள் எழுந்து புதருக்குள் போயின. குழியில் பலகை தனியாக மிதந்தது.

அங்கமுத்து துதிக்கையை உள்ளே விட்டுத் துழாவியது. ஒச்சப்பனை வெளியே எடுத்து மரத்தூள் மேல் கிடத்தியது. பழைய பழக்கத்தில், மரக்கட்டையை வைப்பது போல, நேராக வைத்தது.

"மூணு நாளா யாருடா பதில் சொன்னது?" என்று கேட்டது.

"நான்தான்."

"ஏன்?"

"பழக்கம்ணே. குரல் குடுக்கலேன்னா தீனி போயிடும்னு..."

"தீனியைப் புடுங்க இங்கே எந்தக் கரடிடா இருக்கு?"

சுக்கன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டது.

சடச்சி இருவரையும் பார்த்தது. பிறகு பேசியது. அன்றைக்கு அதன் பேச்சு இழுக்கவில்லை.

"பேரை எடுத்துடுவேன்னு சொன்னது நீங்க. அழற குரல் கேக்குதுன்னு சொன்னவ நான். என் வாயை அடைச்சதும் நீங்க. அவனை மட்டும் கேட்டா எப்படி?"

அங்கமுத்து குழிக்கரை மண்ணைத் தள்ளத் தொடங்கியது. மண்ணும் மரத்தூளுமாக ஒச்சப்பனை மூட வெகு நேரம் ஆயிற்று. செந்நாய்கள் போகவில்லை. புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன.

"ஒண்ணு குறைஞ்சிருக்கு" என்றது ஒரு செந்நாய்.

"மூணு இருக்கு" என்றது மற்றது. "மூணும் கிழம்."

மறுநாள் விடிந்தது. மூங்கில் காட்டிலிருந்து பேர் கூப்பிடும் சத்தம் வரவில்லை. அங்கமுத்து நடந்துகொண்டிருந்தது. குட்டைக்குப் போய்ச் சடச்சியைத் தன் கண்ணால் பார்த்தது. சடச்சியும் கரையேறிக் கூடவே வந்தது. இரண்டும் நொண்டி நொண்டி நாவல் மரத்தடிக்கு வந்து நின்றன.

"சுக்கா" என்றது அங்கமுத்து.

"உள்ளேன்" என்று மேலிருந்து குரல் வந்தது.

"குரல் வேண்டாம். கீழே இறங்கு. முகத்தைக் காட்டு."

இதன் நீதி: கூட வேலை பார்த்தவனுக்காக அன்று நீ குரல் கொடுத்திருக்கலாம்; ஆனால் ஓய்வு பெற்றபின் அவன் குரல் வராவிட்டால், நேரில் போய்ப் பார்.