தண்ணீர் காற்றை அழைத்த பகல்

அந்தக் காலத்தில் காற்றும் தண்ணீரும் பேசும். கணினிக்குள் இருக்கும் சில்லும் பேசும். கடலோர வானிலை நிலையம் ஒன்றில் எண்ணி என்றொரு சில்லு இருந்தது. கணக்குப் போடப் போட அதன் தலை சுடும். காற்றுதான் விசிறியில் ஏறிச் சுழன்று அதைக் குளிர வைக்கும்.

ஒருநாள் கடலில் புயல் கிளம்பியது. எழுபது படகுகள் மீன்பிடிக்கப் போயிருந்தன. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று எண்ணி கண்டுபிடித்தால்தான், அலுவலர் ஜெசிந்தா படகுகளுக்கு வழி சொல்ல முடியும்.

கணக்கோ மிகப் பெரியது. காற்று மூச்சிரைக்கச் சுழன்றும் எண்ணியின் சூடு தணியவில்லை. உடனே ஜெசிந்தா ஒரு மெல்லிய குழாயை எண்ணியின் தலைமேல் பொருத்தி, அதில் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். தண்ணீர் சத்தமில்லாமல் சூட்டை அள்ளிக்கொண்டது.

"அப்பாடா!" என்றது எண்ணி.

"பார்த்தாயா அண்ணே? நீ போட்டது வெறும் இரைச்சல்தான்" என்று தண்ணீர் சிரித்தது.

"அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை, தங்கச்சி?" என்று காற்று சன்னல் வழியே வெளியேறியது. விசிறி நின்றது.

சற்று நேரத்தில் எண்ணி முனகியது. "தண்ணீரே, நீயே சுடுகிறாயே!"

"உன் சூட்டைத்தான் சுமக்கிறேன். இறக்கி வைக்க இடமில்லையே!"

"இன்னும் கொஞ்சம் சுட்டால் நான் மயங்கிவிடுவேன். கணக்கு முடியவில்லை. பாவம், படகுகள்..."

தண்ணீர் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டது. "காற்றண்ணே! வா அண்ணே!"

காற்று தூரம் போகவில்லை. சன்னல் திரையை ஆட்டிக்கொண்டுதான் நின்றது. "என் இரைச்சல் உனக்கு ஆகாதே?"

"எவ்வளவு வேண்டுமானாலும் இரைந்துகொள். படகுகள் கரைக்கு வரவேண்டும்."

காற்று பாய்ந்து வந்து விசிறியில் ஏறியது. ஜெசிந்தா குழாயை வளைத்து அதன் முன்னே வைத்தாள். குழாயைத் தொட்டதும் காற்று திடுக்கிட்டது. "இவ்வளவு சூட்டையா தனியாகச் சுமந்தாய், தங்கச்சி? கொடு இப்படி" என்று அதை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டியது. குளிர்ந்த தண்ணீர் மறுபடி எண்ணியிடம் ஓடியது.

"புயல் வடக்கே திரும்புகிறது!" என்று எண்ணி கத்தியது. ஜெசிந்தா ஒயர்லெஸ்ஸை எடுத்து, "எல்லாரும் தெற்கே வாங்க!" என்றாள். மாலைக்குள் எழுபது படகுகளும் கரையேறின.

அன்று முதல்தான், சிறிய கணக்குப் போடும் கணினிக்குக் காற்று மட்டுமே போதும் என்றாலும், பெரிய கணக்குக்குத் தண்ணீர் ஓடும் இடத்திலெல்லாம், அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு விசிறி இரைந்தபடி காத்திருக்கிறது.