தண்ணீரைத் தேடி மலையேறிய நீர்நாய்

மலைக்காட்டின் நடுவே ஆழமான ஒரு மடு இருந்தது. சுழலி என்ற நீர்நாய் அதில் தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. காட்டில் பெய்யும் மழையெல்லாம் ஓடைகளாகி, ஓடைகள் ஒன்றோடொன்று கூடி, அந்த மடுவுக்குத்தான் வந்து சேரும். சுழலி அதைப் பற்றி யோசித்ததே இல்லை. மடுவில் மீன் துள்ளும், அது போதும்.

ஒரு கோடையில் மடு வற்றத் தொடங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. குட்டிகள் சேற்றில் படுத்து முனகின.

"யாரோ என் தண்ணீரைத் திருடுகிறார்கள். சும்மா விடமாட்டேன்" என்றது சுழலி. குட்டிகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, ஓடை வரும் வழியே மலைமேல் ஏறியது.

மூங்கில் காட்டில் இரண்டு ஓடைகள் கூடும் இடம் வந்தது. ஒன்றில் நீர் மெலிதாக ஓடியது. மற்றதில் வெறும் கூழாங்கற்கள். அவற்றின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டே சுழலி நடந்தது.

போகப் போக மரங்கள் குள்ளமாயின. கிளைகளில் பாசி தொங்கியது. மேகம் தரையில் தவழ்ந்தது. இலைநுனியிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டும் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போனது. நடக்கிறோமா, நீந்துகிறோமா என்றே சுழலிக்குப் புரியவில்லை.

அங்கே ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. மரத்தின்மேல் ஒரு சின்னத் தவளை.

"நீதானா அந்தத் திருடி!"

"நான் திருடவில்லை அக்கா. மரம் தானாக விழுந்தது. தண்ணீர் தேங்கியது. நாங்கள் முட்டையிட்டோம்."

"கீழே என் குட்டிகள் சாகக் கிடக்கின்றன. இதை இப்போதே உடைக்கப் போகிறேன்."

"உடைத்தால் என் பிள்ளைகள் காய்ந்துபோவார்கள். கொஞ்சம் எட்டிப் பாருங்கள்."

சுழலி எட்டிப் பார்த்தது. நீரில் மேகம் தெரிந்தது. அந்த மேகத்துக்குள் தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்தின. ஓங்கிய காலைச் சுழலி மெல்லக் கீழே வைத்தது.

"உன் பிள்ளைகளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?"

"அதோ, அந்தக் கல் மூழ்கினால் போதும்."

கல்லின் உச்சிக்குச் சற்று மேலான மட்டத்தில், மரத்தின் ஓரமாகச் சுழலி ஒரு வாய்க்கால் பறித்தது. மிஞ்சிய நீர் வழிந்து, கூழாங்கற்களை நனைத்தபடி கீழே போனது. சுழலியும் அதோடு இறங்கியது.

மடு நிரம்பவில்லை. ஆனால் குட்டிகள் எழுந்து நீந்தின.

"மேலே என்னதான் இருக்கிறது?" என்று கேட்டது தங்கை.

"அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றது சுழலி.

நம்மிடம் வரும் தண்ணீர் பலருடைய வீடுகளைக் கடந்தே வருகிறது என்று உணர்ந்து பகிர்ந்துகொண்டால், எல்லோரும் பிழைக்கலாம்.