இலுப்பைத்துறைக்கு ஆறு காதம்

முன்னொரு காலத்திலே குன்றநாட்டை ஒரு ராஜா ஆண்டான். நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்கணும், அப்படி ஒரு பிடிவாதம்! நாட்டில் நாற்பது ஊர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தடம்தான். இன்னொன்று வெட்டினால் மலைச்சாமி கோபிக்கும் என்பது வழக்கம்.

ராஜாவுக்கு உப்புக் கிடங்கு கட்ட ஆசை. உப்பு வாங்க எந்த ஊர்க்காரரும் அதிகம் நடக்கக் கூடாதாம். "ஊருக்கு ஊர் தூரம் அளந்தாகணும் மகாராஜா" என்றார் அளவைத் தலைவர் நாகலிங்கம். காலடியை எண்ணியே தூரம் சொல்லும் மாசாணத்தின் மேல் அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவனையே அனுப்பினார். நாற்பது ஊரையும் இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் எழுநூற்றெண்பது நடை! மனுசன் எப்போது வீடு திரும்ப?

பாறைப்பட்டியில் அவன் பெண்சாதி பூவாயி இரண்டு வருசமாய் ஏங்கிக் கிடந்தாள். இரண்டு பேருக்கு வடித்துவிட்டு, ஒருத்தியாய் உட்கார்ந்து அழுவாள். வழிப்போக்கர் யார் வந்தாலும், "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? அந்த ஊரு இங்கேருந்து எத்தனை காதம்?" என்பாள். கேட்டுக் கேட்டே எல்லாத் தூரமும் மனப்பாடம். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அரண்மனைக்கே நடந்துவிட்டாள்.

"ராஜா, நான் பாறைப்பட்டி, மாசாணத்தோட பெண்சாதி. அரண்மனைக்கு ரொம்பத் தொலைவான ஊர் எது?"

"உன் ஊர்தான். ஒன்பது காதம்."

"எங்க ஊருக்கு ரொம்பத் தொலைவு கீழ்முல்லை, பன்னிரண்டு. அவரு இப்ப அங்கதான் இருக்காரு. ரெண்டுக்கும் நட்டநடுவிலே, நான் தாண்டி வந்த இலுப்பைத்துறை. அங்கே கட்டுங்க, யாருக்கும் ஆறு காதத்துக்கு மேல வராது."

நாகலிங்கம் சிரித்தார். "துறைக்கு ஏழு காதத்தில் ஓர் ஊர் இருந்தால்?"

"அது என் பக்கம் இருந்தா, துறையிலிருந்து இங்கே மூணும் சேர்ந்து பத்தாகி, அரண்மனைக்கு என் ஊரைவிடத் தொலைவாயிருக்கணும். வேற பக்கம் இருந்தா, என் ஆறும் சேர்ந்து பதிமூணாகி, எனக்குக் கீழ்முல்லையைவிடத் தொலைவாயிருக்கணும். ரெண்டும் இல்லையே ஐயா!"

"ஆறைக் குறைக்க முடியாதோ?"

"பன்னிரண்டை எப்படிப் பிட்டாலும் ஒருத்தர் ஆறாவது நடக்கணுமே!"

சபையே கொல்லென்று சிரித்தது. "முதல் உப்பு மூட்டையைக் கீழ்முல்லைக்கு நீரே தலையில் சுமந்து போம்!" என்றான் ராஜா. நாகலிங்கம் தலையைத் தொங்கப்போட்டார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"என் புருசன் வேணும் ராஜா."

"முரசு தட்டி அழைக்கிறேன். வீட்டில் போய்க் காத்திரு."

"காத்திருந்தது போதும். துறைக்கு வரச் சொல்லுங்க. அவருக்கு ஆறு காதம், எனக்கு இங்கேருந்து மூணுதான். முன்னாடி போய் நிக்கிறேன்."

போய் நின்றாள். பழக்கதோஷம், காலடியை எண்ணிக்கொண்டே வந்தான் மாசாணம். அவளைக் கண்டதும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நாடு முழுக்க அளந்தவன், அந்தக் கடைசி அடிகளை மட்டும் அளக்கவே இல்லை.