பட்டாம்பூச்சிக்குக் காலி செய்த வீடு

மொச்சக்குளத்துக்காரர்கள் யார் சொன்ன சொல்லையும் மீறமாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

சடையாண்டியின் மனைவி வெள்ளைத்தாய் திருவிழாவுக்குப் பிறந்த வீடு போகும்போது, "என் செடிகளுக்குக் கிணத்துத் தண்ணிதான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே மழை. வேறு தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று சடையாண்டி தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஐந்து நாள் செடிகளைக் காப்பாற்றினார். ஆறாம் நாள் அவள் வந்து பார்த்தபோது எல்லாம் புழுங்கி அழுகிக் கிடந்தன. அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"என் செடிக்கு வந்த பட்டாம்பூச்சியெல்லாம் திரும்பி வரட்டும். அப்புறம் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி ஒச்சப்பனையும் பக்கத்து வீட்டுக் குருவையாவையும் கூட்டிக்கொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போனார். எலுமிச்சை, கறிவேப்பிலை, இட்லிப்பூ எல்லாம் வாங்கினார்கள்.

"செடி மேல நிழல் விழாமப் பாத்துக்கங்க" என்றார் பண்ணைக்காரர். "புழு இலையில ஓட்டை போட்டா கலங்காதீங்க. ஓட்டை விழுந்தா பட்டாம்பூச்சி வரப்போகுதுன்னு அர்த்தம்."

நட்டுவிட்டு நிமிர்ந்தால் மூன்று பேர் நிழலும் செடி மேல் கிடந்தது. அன்றிலிருந்து மூவரும் வயிற்றால் ஊர்ந்து போய்த்தான் தண்ணீர் விட்டார்கள். குருவையாவுக்குத் தொப்பை பெரியது. அவர் போன வழியெல்லாம் வாய்க்கால் விழுந்தது.

பத்து நாளாகியும் ஓட்டை விழவில்லை. சாக்குத் தைக்கும் கோணூசியை எடுத்துவந்தான் ஒச்சப்பன்.

"அண்ணே, ஓட்டை எவ்வளவு பெரிசு?"

"பூச்சி நுழையிற அளவு."

"இறக்கையை விரிச்சுக்கிட்டு நுழையுமா, மடக்கிக்கிட்டு நுழையுமா?" என்றார் குருவையா.

சடையாண்டி வெகுநேரம் யோசித்தார். "முதல் தடவை வர்ற விருந்தாளி. தாராளமாவே போடு."

தாராளமாகப் போட்டதில் இலையே மிஞ்சவில்லை. வெறும் குச்சிகள் நின்றன. மறுபடி பண்ணைக்கு ஓடினார்கள். பண்ணைக்காரர் மூவரையும் ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாம விடுங்க. தானா துளிர்க்கும், தானா வரும்."

அன்றே சடையாண்டி வீட்டைக் காலி செய்து குருவையா வீட்டுக்குக் குடிபோனார். மதில்மேல் தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பார். ஒன்றரை மாதத்தில் குச்சிகள் துளிர்த்தன. புழு வந்தது. ஒரு காலையில் மஞ்சளும் கறுப்புமாக ஆறு பட்டாம்பூச்சிகள். சேதி கிடைத்ததும் வெள்ளைத்தாய் பெட்டியோடு வந்து இறங்கினாள். சடையாண்டி வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"உள்ள வராதே தாயி."

"ஏங்க, நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா நீ உள்ள வந்தா ஆள் நடமாட்டம். பூச்சி போயிரும். பூச்சி போயிட்டா நீ இருக்கமாட்டே. நீ இருக்கணும்னா வராம இருக்கணும்."

வெள்ளைத்தாய் பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தாள். அவள் பிறந்ததும் மொச்சக்குளத்துக்குப் பக்கத்து ஊரில்தானே, புத்தியும் அதே புத்திதான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப நீங்க கிளம்புங்க, எங்க வீட்டுக்கு" என்றாள்.

மாமனார் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு, பக்கத்தில் மனைவி. சடையாண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் அங்கிருந்த முருங்கைப் பூவில் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏப்பா, உனக்காக ஒரு வீட்டையே காலி பண்ணிக் குடுத்திருக்கு. இங்க வந்து வெயில்ல நிக்கிறியே."

பக்குவமாகத் துண்டால் பிடித்துத் தூக்குவாளியில் விட்டு, மொச்சக்குளம் பஸ் ஏறினார். ஜன்னல் ஓரத்து இடத்தில் தூக்குவாளியை வைத்து, காற்று வரட்டும் என்று மூடியைத் திறந்தார். பூச்சி வெளியே பறந்தது.

சடையாண்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பொறுமையாகச் சொன்னார்: "அவசரப்பட்டு இறங்கிட்டியே. நம்ம ஊருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு."